சொக்கன் வேஷம்

எங்க ஊர்க் கோட்டைக்குக் கதவு கிடையாது. நிலைக்கல்லு ரெண்டும் இன்னும் நிமிந்து நிக்குது, மேல உத்தரக்கல்லு கிடக்குது, கதவுக் குடுமி சுத்திச் சுத்தித் தேஞ்ச குழி ரெண்டும் தரையில இருக்குது, மழை பெஞ்சா அதுல தண்ணி தேங்கி காக்கா குளிக்குது. கதவை மட்டும் காணோம். அது எங்க போச்சுன்னு கேட்டா ஆளுக்கொரு கதை சொல்லுவாங்க. ஆனா அது எப்படித் திறந்துச்சுன்னு கேட்டா, எங்க ஊரு கரும்பாறையில பால்குடி மறக்காத பிள்ளைகூட ஒரே கதையைத்தான் சொல்லும்: வாசல்காவல் சொக்கன் பொன்னுக்கு ஆசைப்பட்டுத் திறந்துவிட்டான், எதிரிப்படை உள்ள வந்துச்சு, பாளையக்காரர் உக்கிரபாண்டியர் கொத்தளத்துல விழுந்தாரு, கோட்டை போச்சு.

அந்தக் கதையை வருஷா வருஷம் மாசி மாசத்துல ஒருநாள், பொழுது அடைஞ்சதும், கோட்டைக்குள்ளயே நாங்க நடிச்சுக் காட்டுவோம். அதுக்குக் கோட்டை ராத்திரின்னு பேரு. நடிகருன்னு தனியா யாரும் வர்றது இல்ல. டீக்கடை மாஸ்டர் பாளையக்காரரு, பாங்கி கேஷியரு எதிரிப்படைத் தளபதி, ஆட்டோ ஸ்டாண்டுப் பையனுங்க குதிரைப்படை, பீடி சுத்துற பொம்பளையாளுங்க எல்லாம் அரண்மனைப் பெண்டுக. யாருக்கும் சம்பளம் இல்ல, முடிஞ்சதும் ஆளுக்கொரு தட்டு சாம்பார் சாதம், அதுவும் கடைசியா வர்றவங்களுக்கு அடிப்பிடிச்சதுதான். சட்டை, தலைப்பாகை, குதிரைவாலு எல்லாம் தைக்கிறது நான். என் பேரு கோமு, பஸ் ஸ்டாண்டு பக்கத்துல தையல்கடை வச்சிருக்கேன். கோமுகிட்ட வாயைக் கொடுத்தா மீள முடியாதுன்னு ஊர்ல ஒரு பேச்சு உண்டு. அது உண்மைதான்.

பாளையக்காரர் வேஷத்துக்கு அடிதடியே நடக்கும். சொக்கன் வேஷத்துக்கு ஒரு ஈ காக்கா வராது. எப்படி வரும்? அவன் கதவைத் திறக்கிற நேரத்துல ஊரே எழுந்து நின்னு "துரோகி, துரோகி"ன்னு கத்தும், கடலைத்தோலை அள்ளி எறியும், கிழடுகட்டைக மண்ணை வாரித் தூத்தும். அதனால அந்த வேஷத்தை மட்டும் பானையில சீட்டுப் போட்டு எடுக்கிறது. அந்தப் பழி வேஷம் கட்டினவன் மேலேயே தங்கிரக் கூடாதேன்னு முன்னோர்க ஒரு மாத்தும் வச்சிருந்தாங்க. அன்னிக்கு ராத்திரி அவன் கோட்டைக்குள்ளயே படுத்துக்கணும், முகத்துச் சாயத்தைக் கழுவக் கூடாது. விடிஞ்சதும் தன் வீட்டு வாசலுக்கு வந்து சாத்தின கதவைத் தட்டணும். உள்ள இருந்து வீட்டுப் பொம்பளை, பெண்டாட்டியோ ஆத்தாளோ மகளோ, "யாரது?"ன்னு கேப்பா. இவன் தன் சொந்தப் பேரைச் சொல்லணும். "கோட்டையைத் திறந்துவிட்டவனா?"ன்னு கேப்பா. "இல்ல, அது வேஷம்"னு சொல்லணும். "எதுக்கு வந்த?"ன்னு கேப்பா. "பசிக்குது"ன்னு சொல்லணும். அப்பத்தான் அவ கதவைத் திறந்து, ஒரு செம்புத் தண்ணியை அவன் காலுல ஊத்தி, "எங்க வீட்டு ஆளு, உள்ள வா"ன்னு கூப்பிடுவா. அதோட சொக்கன் போயிருவான், வீட்டு ஆளு வீட்டு ஆளா ஆயிருவான். கூப்பிட ஆளில்லாதவன் பேரைப் பானையில போடக் கூடாதுங்கிறது அதனாலதான்.

ஒரு வருஷம் அப்படி ஒரு பேரைப் போட்டுட்டாங்க. கமிட்டித் தலைவரு டிரில் மாஸ்டர் நமச்சிவாயத்துக்கு மதுரையில இருந்து கலர் லைட்டு வருதுங்கிற ஒரே நினைப்பு. மதில் சிவப்பா எரியுமாம், கொத்தளம் நீலமா மின்னுமாம், மெஷின் வச்சுப் புகை விடுவாங்களாம். ஊரெல்லாம் அதே பேச்சா இருக்கும்போது பானையில கிடக்கிற பழைய சீட்டை யாரு பொறுக்கிப் பார்ப்பா? கையை விட்டு எடுத்தாங்க, ஆவுடையப்பன் அண்ணாச்சி பேரு வந்துச்சு. அவரு மறுக்கல. கமிட்டி சொன்னா சரின்னுட்டாரு.

ஆவுடையப்பன் அண்ணாச்சி ரேஷன் கடையில எடை போடுறவரு, என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி அவரு வீடு. கை சுத்தம், பேச்சு குறைவு, ஒரு பிடி அரிசி யாருக்கும் குறைஞ்சது இல்ல. ஆனா ஒரு விஷயத்துல மனுஷன் கல்லு. ஒரே மக வடிவு, செல்போன் கடை வச்சிருக்கிற சேவியரைக் கட்டிக்கிட்டு மாலையும் கழுத்துமா வந்து வாசல்ல நின்னப்போ, அவரு ஒரு வார்த்தை பேசல, அவ முகத்துக்கு நேரா கதவைச் சாத்தினாரு. தெருவே பார்த்துச்சு. உள்ள இருந்து அவங்கம்மா பகவதி மதினி "கதவைத் திறங்க, கதவைத் திறங்க"ன்னு கதறினது என் வீட்டு அடுப்படி வரைக்கும் கேட்டுச்சு. வடிவு கொஞ்ச நேரம் நின்னா, மாலையைக் கழட்டி நடையில வச்சா, போயிட்டா. எங்க போனா? பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால அடிபம்புக்கு எதிர்வீடு. ஒரே ஊருதான், கூப்பிடு தூரம்தான், ஆனா ரெண்டு பேரும் கூப்பிடல. பகவதி மதினி காய்ச்சல்ல போய்ச் சேந்தப்போ, பாடை போகும்போது வடிவு தெருமுனையில நின்னு பார்த்தா. வீட்டுக்குள்ள வான்னு அவரு சொல்லல, வரட்டுமான்னு அவ கேக்கல. அது நடந்த அடுத்த மாசிக்குத்தான் அந்தச் சீட்டு விழுந்துச்சு.

கோட்டை ராத்திரி என்னமோ அமோகமாத்தான் நடந்துச்சு. மறுநாள் விடியும்போது ஊரு அசந்து தூங்குது, கமிட்டி லைட்டுக்காரனை வழியனுப்பப் போயிருச்சு, நான் வாடகைக்கு எடுத்த வாளுகளைத் திருப்பிக் கொடுக்கத் திருநெல்வேலிக்கு முதல் பஸ் ஏறிட்டேன். முகத்துல கரியும் செங்காவியுமா அண்ணாச்சி தன் வீட்டு வாசல்ல வந்து நின்னு, வழக்கப்படி சாத்தின கதவைத் தட்டினாரு. உள்ள யாரு இருக்கா? பூட்டிட்டுப் போனவரே அவருதானே. மறுபடி தட்டினாரு. அக்கம்பக்கத்துல ஜன்னல் வழியாப் பார்த்தவங்க எல்லாரும், வேற யாராவது போவாங்கன்னு நினைச்சிருக்காங்க, பாவிக. வெயிலு நடைக்கு ஏறுற வரைக்கும் உட்கார்ந்திருந்துட்டு, அவரே குழாயடியில முகத்தைக் கழுவிக்கிட்டு மடியில இருந்து சாவியை எடுத்தாரு. சாவி தேவைப்படல. பூட்டு தானா வாயைத் திறந்து கொண்டியில தொங்குச்சு, கதவு ரெண்டும் விரியத் திறந்துச்சு, உள்ள பகவதி மதினி போட்டோ தெரிஞ்சுது.

அன்னியில இருந்து, அவரு கிட்டப் போனா எந்தக் கதவும் சாத்தி இருக்கிறது இல்ல. தாழ்ப்பாள் போட்டா தாழ்ப்பாள் நகரும், பூட்டுப் போட்டா பூட்டுக் கழலும், உள்ள இருந்து அம்மியை முட்டுக் கொடுத்தா அம்மி ஒதுங்கி வழிவிடும், சத்தம்கூடப் போடாது. ரேஷன் கடை ஷட்டரு அவரு சைக்கிளை விட்டு இறங்குறதுக்குள்ள மேல ஏறிரும். இதைக் கேட்டு யாரும் பெரிசா வாயைப் பொளக்கல. எங்க ஊர்ல ஒரு கோடையில தெப்பக்குளத்துத் தண்ணி இனிச்சுப்போய், சீனி போடாம டீ குடிச்சிருக்கோம். அதுக்கு என்ன காரணம்னு யாரு கேட்டா? வந்ததுக்கு வழி பண்ணணும், அவ்வளவுதான்.

முதல்ல எல்லாரும் அவரைத் தலையில தூக்கி வச்சாங்க. சாவியைத் தொலைச்சவங்க அவரைக் கூப்பிட்டாங்க, குளியலறையில பிள்ளை உள்ள தாழ்ப்பாளைப் போட்டுக்கிட்டு அழுதா அவரைக் கூப்பிட்டாங்க, செத்துப்போன மாமனாரு யாருக்கும் சொல்லாமப் பூட்டி வச்ச அறைக்கு அவரைக் கூப்பிட்டாங்க, அதுக்குள்ள காலி பாட்டிலுக மட்டும் இருந்துச்சு. வலி எடுத்துப் பிள்ளை இறங்காமக் கிடந்தா வீட்ல உள்ள பூட்டையெல்லாம் திறந்து வைக்கிறது எங்க வீடுகள்ல உள்ள பழக்கம். இப்போ பூட்டைத் தேடுறதை விட்டுட்டு அண்ணாச்சியைக் கூட்டிட்டுப் போய் வாசல்ல நிப்பாட்டினாங்க, அவரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னாரு, உள்ள பிள்ளை அழுற சத்தம் கேட்டதும் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு, ஒரு வாய் தண்ணிகூடக் கேக்காம நடந்தாரு. சந்தோஷத்துல அந்த வீட்டுக்காரங்களுக்கும் கொடுக்கணும்னு தோணல.

ஆனா தெருவுல நடக்கிற மனுஷன் ஒரு வீட்டுக்கு மட்டுமா நடக்க முடியும்? அவரு கடைக்குப் போறாருன்னா வழியில இருக்கிற கதவெல்லாம் வரிசையாத் திறந்துக்கிட்டே வரும். அடிச்சுக்கிற புருஷன் பெண்டாட்டி, பாலுல தண்ணி ஊத்துறவ, விரதம்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டு ஆம்லெட்டு திங்கிற மனுஷன், தலைக்குச் சாயம் அடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கிற டிரில் மாஸ்டர், எல்லாத்தையும் தெரு பார்த்துச்சு. உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாதும்பாங்க, இப்போ ஊர் வாசலையும் மூட முடியல. கொஞ்ச நாள் எல்லாரும் வீட்டுக்குள்ளயும் வெளியில பேசுற மாதிரியே மரியாதையாப் பேசிப் பார்த்தாங்க. அது ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. கோவில் பூசாரி வந்து, "உச்சிகாலம் முடிஞ்சு நடை சாத்தினா இவரு அந்தப் பக்கம் போறாரு, திறந்துக்குது, சாமி எப்பத்தான் கண்ணசரும்?"னு கேட்டாரு. ஸ்டேஷன் ஏட்டு வந்து கையெடுத்துக் கும்பிட்டு, "அண்ணாச்சி, எங்க பக்கம் மட்டும் வராதீங்க, உள்ள இருக்கிறவன் நல்லவன் இல்ல"ன்னு சொல்லிட்டுப் போனாரு.

அதனால கமிட்டி கூடிப் பேசி, அவரு கையில ஒரு சைக்கிள் மணியைக் கொடுத்தாங்க. தெருவுல வரும்போது அடிச்சுக்கிட்டே வரணுமாம். அவரும் அடிச்சாரு. மணிச்சத்தம் கேட்டா பொம்பளைங்க சேலையை இழுத்துச் சரிபண்ணிக்கிட்டு ஓடிவந்து கதவுக்கு ஆளுக்கொரு பக்கம் தோள் கொடுத்து நிப்பாங்க. அப்படியும் அது திறக்கும், இவங்களையும் தள்ளிக்கிட்டு மெதுவாத் திறக்கும், அவரு தரையைப் பார்த்துக்கிட்டே தாண்டிப் போயிருவாரு. சாமானுக்குப் பாதுகாப்பு இல்லன்னு கடைக்கு வெளிய புங்கமரத்தடியில தராசைப் போட்டாங்க. அவரு வீட்லயும் அவரு இருக்கிற வரைக்கும் கதவு சாத்தாது, நாய் வந்து சோத்துப்பானையை உருட்டுது. கடைசியில பாயைச் சுருட்டிக்கிட்டு அவரு கோட்டைக்கே போயிட்டாரு. அங்கதான் திறக்கிறதுக்குக் கதவு இல்ல.

ஒருநாள் சாயங்காலம் நான் கொஞ்சம் சோறும் ரசமும் அப்பளமும் எடுத்துக்கிட்டு அங்க போனேன். நிலைக்கல்லுல சாஞ்சு உட்கார்ந்திருந்தாரு. "சாப்பிடுங்க அண்ணாச்சி"ன்னு வச்சேன். சோத்தைப் பிசைஞ்சவரு வாய்க்குக் கொண்டுபோகல.

"ஏம்மா கோமு, ஒண்ணு கவனிச்சியா? ஊர்ல எனக்குத் திறக்காத கதவு இல்ல. ஆனா இத்தனை மாசத்துல என்னை யாரும் வாங்கன்னு கூப்பிடல."

"என்ன அண்ணாச்சி, ஆளாளுக்கு உங்களைத்தானே கூப்பிடுறாங்க?"

"கதவுக்குக் கூப்பிடுறாங்க. நான் தட்டினாத்தானே யாருன்னு கேட்டு வாங்கம்பாங்க? நான் போய் நிக்கிறதுக்குள்ள அது திறந்துருது. திறந்த வாசல்ல நிக்கிறவனை யாரும் கூப்பிடுறது இல்லம்மா, என்ன வேணும்னுதான் கேக்குறாங்க."

நான் அப்பளத்தை அவரு பக்கம் நகர்த்தி வச்சேன்.

"வடிவுக்கு மாசம்னு கேள்விப்பட்டேன்"னாரு அவரே. "ஆடியில ஒருநாள் மனசு கேக்காம ஒரு சீப்புப் பழம் வாங்கிட்டுப் போனேன். தட்டணும்னுதான் போனேன். தட்டி, அவ யாருன்னு கேட்டு, நான் அப்பான்னு சொல்லணும்னு வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கிட்டே போனேன். படியில கால் வைக்கல, அதுக்குள்ள படார்னு திறந்துருச்சு. உள்ள அவ வயித்தைத் தள்ளிக்கிட்டு உட்கார்ந்து சாப்பிடுறா, வாயில சோறு, என்னைப் பார்க்கிறா. என்ன சொல்ல? பழத்தை நிலைப்படியில வச்சுட்டு வந்துட்டேன்." அவரு கண்ணுல இருந்து தண்ணி சோத்துல விழுந்துச்சு, அதையும் சேத்தே பிசைஞ்சாரு.

இந்தக் கதையோட மறுபாதி எனக்கு ஏற்கெனவே தெரியும். வடிவு ஜாக்கெட்டைப் பிரிச்சு அகலம் வைக்க என் கடைக்கு வந்தப்போ நானா பேச்சை எடுத்தேன். "ஏட்டி, உங்கப்பா வந்தாராமே?"

"வந்தாரு அத்தை. தட்டாமத் திறந்தாரு, பேசாமப் போனாரு." ஊசியில நூலு கோக்குற மாதிரி அவ கண்ணைச் சுருக்கிக்கிட்டா. "அன்னிக்குச் சாத்தும்போதும் எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. இன்னிக்குத் திறக்கும்போதும் கேக்கல. எங்கப்பாவுக்குக் கதவைத் தட்டத் தெரியாது அத்தை."

"அது அவரு செய்யலட்டி, அதுவாத் திறக்குது. ஊருக்கே தெரியும்."

"அன்னிக்கு அதுவாவா சாத்துச்சு?"

நான் ஜாக்கெட்டைத் தச்சுக் கொடுத்துட்டேன். கார்த்திகையில அவளுக்குப் பிள்ளை பிறந்துச்சு, பொம்பளைப் பிள்ளை. அவ பிரசவத்துக்கு மட்டும் அண்ணாச்சியை யாரும் கூப்பிடல, அவளும் ஒரு பகலும் ராத்திரியும் கிடந்து அல்லாடித்தான் பெத்தா. பகவதின்னு பேரு வச்சான் அந்த சேவியரு. அதை நான் போய்ச் சொன்னப்போ, அண்ணாச்சி தராசுத் தட்டுல அரிசியைக் கொட்டிக்கிட்டே இருந்தாரு, அது நிறைஞ்சு வழிஞ்சு மண்ணுல விழுந்துச்சு.

திரும்ப மாசி வந்துச்சு. பானையைக் கொண்டுவந்து நடுவுல வச்சாங்க, சீட்டுப் போட ஒருத்தனும் முன்வரல. நேத்து வரைக்கும் வாளை உருவிக்கிட்டுத் திரிஞ்ச வீரங்க எல்லாம் எனக்கு முதுகுவலி, எனக்கு மச்சினன் கல்யாணம்னு நழுவுறாங்க. சொக்கன் இல்லாமக் கோட்டை ராத்திரி எப்படி நடக்கும்? அப்போ பின்னால மணிச்சத்தம் கேட்டுச்சு, கூட்டம் நடந்த பள்ளிக்கூட ரூம்புக் கதவு திறந்துச்சு. "நானே கட்டிக்கிடுறேன்"னாரு அண்ணாச்சி. "என் மேல இருக்கிறதுதானே. இன்னொரு ஆளுக்கு எதுக்கு?"

"விடிஞ்சா இவரை யாரு சார் கூப்பிடுவா?"ன்னு நான் டிரில் மாஸ்டரைப் பிடிச்சேன். "போன வருஷம் லைட்டைப் பார்த்து மயங்கினீங்க, இந்த வருஷம் எதைப் பார்ப்பீங்க?" அவரு தலையைச் சொறிஞ்சாரு. ஒரு வீடு கூப்பிடாட்டா என்ன, ஊரே கூப்பிடட்டும். ஒவ்வொரு வாசல்லயும் வீட்டுப் பொம்பளை நின்னு கேள்வி கேட்டுத் தண்ணி ஊத்தணும்னு முடிவு பண்ணினாங்க. நல்ல மனசோடதான் பண்ணினாங்க.

கோட்டை ராத்திரி அன்னிக்கு, நிலைக்கல்லுக்கு நடுவுல தச்சாசாரி வழக்கம்போலப் பலகைக் கதவைக் கட்டினாரு. அண்ணாச்சி கிட்ட இருந்தா அது நேரங்காலம் தெரியாமத் திறந்துரும்னு, அவரு முறை வர்ற வரைக்கும் அவரை மேல கொத்தளத்துல உட்கார வச்சிருந்தாங்க. வெளிய கேஷியரு படையோட நிக்கிறாரு, உள்ள டீ மாஸ்டரு வீரவசனம் பேசி முடிச்சுட்டாரு, அரண்மனைப் பெண்டுக தூங்குற மாதிரி படுத்தாச்சு. ஒரே ஒரு விளக்கை மட்டும் எரியவிட்டாங்க. அண்ணாச்சி படி இறங்கி வந்தாரு. பொன் முடிப்பை இடுப்புல சொருகிக்கிட்டு, கதவுக்கு எட்டவே நின்னுக்கிட்டாரு, கையைக்கூடத் தூக்கல. பலகைக் கதவு மெதுவா, தானாத் திறந்துச்சு.

ஊரு எழுந்து நின்னுச்சு. மடியில கடலைத்தோலு இருக்கு, வாயில "துரோகி" இருக்கு. ஆனா அந்தக் கூட்டத்துல யாரு வீட்டுப் பிள்ளைக்கு அவரு வாசல்ல நிக்கல, யாரு வீட்டுக் கதவு அவருக்குத் திறந்து அவங்க தலைகுனியல? ஒரு தோலு விழல. ஒரு சத்தம் வரல. படைக்காரங்ககூட உள்ள ஓடிவர மறந்துபோய் வெளியிலயே நின்னாங்க. அந்த அமைதியில அண்ணாச்சி, பாடத்துல இல்லாத ஒரு வார்த்தையைச் சொன்னாரு: "நான் தொடல. அதுவாத் திறந்துச்சு." ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டினாரு. இத்தனை வருஷமா நாங்க திட்டின அந்தச் சொக்கனும் இதையே சொல்லி யாரும் கேக்காமப் போயிருப்பானோன்னு அன்னிக்குத்தான் எனக்குத் தோணுச்சு.

விடிஞ்சுது. வாசலெல்லாம் தெளிச்சுக் கோலம் போட்டு, செம்புல தண்ணியோட பொம்பளைங்க நிக்கிறாங்க. சாயம் பூசின முகத்தோட, கையில மணியோட அவரு வந்தாரு, பின்னால கமிட்டி, அதுக்குப் பின்னால ஊரு. முதல் வீட்டுக் கதவை அந்தம்மா சாத்தினா, அது திறந்துக்கிச்சு; திறந்த வாசல்ல அவரை நேருக்கு நேரா பார்த்துக்கிட்டே "யாரது?"ன்னு கேட்டா. "ஆவுடையப்பன்"னாரு. எல்லாக் கேள்வியும் கேட்டா, எல்லாப் பதிலும் சொன்னாரு, தண்ணி ஊத்தினா, தோசை கொடுத்தா. அவரு நகர்ந்து அடுத்த வீட்டுக்குப் போனா அந்தக் கதவும் தானாத் திறந்துச்சு. அதுக்கு அடுத்ததும் அப்படித்தான். காலு நனைஞ்சு ஊறிப்போச்சு, கையில தோசை சேருது, முகத்துல சொக்கன் அப்படியே இருக்கான்.

எனக்குப் பொறுக்கல. "நிறுத்துங்க"ன்னு கத்தினேன். "கண்ணு முன்னால நிக்கிற ஆளைப் பார்த்து யாருன்னு கேட்டா அது ஒரு கேள்வியா? ஊரு கூப்பிட்டு என்ன செய்ய, வீடு கூப்பிடாம? அண்ணாச்சி, போக வேண்டிய வாசலுக்குப் போங்க."

அவரு என்னைப் பார்த்தாரு. "எப்படிம்மா தட்டுவேன்?"னாரு. சின்னப் பிள்ளை கேக்குற மாதிரி கேட்டாரு.

அப்புறம் அவரே நடந்தாரு. பஸ் ஸ்டாண்டைத் தாண்டி, அடிபம்புகிட்ட வந்ததும் நின்னுட்டாரு. எதிர்த்தாப்புல ரோட்டுக்கு அந்தப் பக்கம் வடிவு வீடு, பச்சைப் பெயிண்டு அடிச்ச ஒத்தைக் கதவு, சாத்தி இருக்கு. இன்னும் கொஞ்சம் நகர்ந்தா அது திறந்துரும். தோசையை என் கையில கொடுத்தாரு, மணியை டிரில் மாஸ்டர் கையில கொடுத்தாரு. குனிஞ்சு பம்படியில கிடந்த கூழாங்கல்லு நாலைஞ்சைப் பொறுக்கிக்கிட்டாரு. ஒண்ணை எடுத்து, வலிக்காம எறியுற மாதிரி, ரோட்டுக்கு மேல அந்தக் கதவுல எறிஞ்சாரு. டொக்குன்னுச்சு. கொஞ்சம் பொறுத்து இன்னொண்ணு. டொக். ஒரு மனுஷன் ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்னு அந்தப் பக்கத்துக் கதவைத் தட்டுறான்.

மூணாவது கல்லுக்குக் கதவு திறந்துச்சு. அதுவாத் திறக்கல, வடிவு திறந்தா. தோள்ல பிள்ளை. சாயம் பூசின அப்பாவைப் பார்த்தா, அவரு கையில இருந்த கல்லைப் பார்த்தா, பின்னால நிக்கிற எங்களையெல்லாம் பார்த்தா.

"தட்டினேன் தாயி"ன்னாரு அவரு.

அவ ஒரு வார்த்தை பேசல. கதவைச் சாத்திட்டா. உள்ள தாழ்ப்பாள் விழுந்த சத்தம் எங்களுக்கே கேட்டுச்சு.

"ஆத்தாடி, சாத்திட்டாளே"ன்னு பின்னால ஒருத்தி மாரடிச்சா. "சாத்தட்டும்"னாரு அண்ணாச்சி. "அவ சாத்தணும்." கல்லைக் கீழ போட்டுட்டு ரோட்டைத் தாண்டினாரு. பக்கத்துச் சைக்கிள் கடைக் கதவு திறந்துக்கிச்சு, அந்தப் பக்கத்து வீட்டுக் கதவு திறந்துக்கிச்சு, பச்சைக் கதவு மட்டும் சாத்தினபடி நின்னுச்சு. படியில ஏறினாரு. அது அசையல. உள்ளங்கையை அதுமேல வச்சாரு. அப்பவும் அசையல. ஒரு வருஷமாக் கண்டதெல்லாம் திறந்த கதவோட உள்பக்கம்தான். சாத்தின கதவைத் தடவித் தடவிப் பார்த்து மனுஷன் விம்மி விம்மி அழுதாரு. ஏன் அது திறக்கலன்னு எங்க ஊர்ல ஆளுக்கொண்ணு சொல்லுவாங்க. உள்ள அவ முதுகைக் கொடுத்துச் சாஞ்சு நின்னிருந்தா, அது எனக்குத் தெரியும். ஆனா மத்த வீட்லயும் பொம்பளைங்க தோள் கொடுத்துத்தானே நின்னாங்க?

அவரு கண்ணைத் துடைச்சுக்கிட்டு, விரலை மடக்கித் தட்டினாரு.

"யாரது?"

"ஆவுடையப்பன்."

"கோட்டையைத் திறந்துவிட்டவரா?"

"இல்ல தாயி. அது வேஷம்."

அடுத்து, எதுக்கு வந்தீங்கன்னு அவ கேக்கணும். கேக்கல. பம்படியில சொட்டுற தண்ணிச் சத்தம் கேக்குது. அப்புறம் அவ குரலு வந்துச்சு, உடைஞ்சுபோய் வந்துச்சு.

"மாலையும் கழுத்துமா வந்து நின்ன பிள்ளை முகத்துல கதவைச் சாத்தினவரா?"

"இது வழக்கத்துல இல்லையே"ன்னு டிரில் மாஸ்டர் முனகினாரு. "வாயை மூடுங்க சார்"னேன்.

அண்ணாச்சி நிலையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டாரு. இதுக்கும் அது வேஷம்னு சொல்லிரலாம், எங்கள்ல எத்தனை பேரு அப்படித்தான் சொல்லியிருப்போம். அவரு நெத்தியைக் கதவுல முட்டிக்கிட்டு, தெருவுக்கே கேக்குற மாதிரி சொன்னாரு.

"ஆமா தாயி. அது வேஷம் இல்ல. அது நான்தான்."

உள்ள பிள்ளை சிணுங்குச்சு. அவ அதைத் தட்டிக்கொடுத்தா.

"எதுக்கு வந்தீங்க?"

"பசிக்குதும்மா."

தாழ்ப்பாளை அவ கையால இழுத்தா. ஒரு கையில பிள்ளை, ஒரு கையில செம்பு. தண்ணியைச் சாச்சு அவரு காலுல ஊத்தினா, மிச்சம் இருந்ததை அவரு முகத்துல விசிறி அடிச்சா, கரியும் காவியும் கலைஞ்சு அவரு சட்டையில ஒழுகுச்சு. "எங்க வீட்டு ஆளு"ன்னு எங்களைப் பார்த்துச் சொன்னா. அவரைப் பார்த்து, "உள்ள வாங்கப்பா"ன்னா.

அவரு குனிஞ்சு, நிலை இடிக்காமத் தலையைத் தாழ்த்தி, உள்ள போனாரு. எட்டிப் பார்க்க நாங்க எல்லாம் கழுத்தை நீட்டினோம். அவ எங்க முகத்துக்கு நேரா கதவைச் சாத்தினா, சாத்தினது சாத்தினபடியே இருந்துச்சு.